எண்மச் சொத்து மேலாண்மை – உள்ளடக்க மேலாண்மை ஒருங்கிணைப்பு

எண்மச் சொத்து மேலாண்மை – உள்ளடக்க மேலாண்மை ஒருங்கிணைப்பு என்பது ஒளிப்படம், நிகழ்படம், ஒலிக்கோப்பு, நிலப்படம் முதலியவற்றைத் தொகுத்துப் பேணும் மென்பொருளையும், இணையத்தளப் பக்கங்களை எழுதி வெளியிடும் மென்பொருளையும் ஒரே கோப்பை இரண்டும் பயன்படுத்துமாறு இணைப்பதாகும். முன்னது எண்மச் சொத்து மேலாண்மை முறைமை அல்லது சுருக்கமாக டேம் எனப்படுகிறது. பின்னது உள்ளடக்க மேலாண்மை முறைமை அல்லது சி.எம்.எஸ். எனப்படுகிறது. அருங்காட்சியகங்கள், நூலகங்கள், செய்தி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் எனப் படங்களைப் பெருமளவில் சேர்த்து வைத்திருக்கும் எல்லா அமைப்புகளும் விரைவிலோ தாமதமாகவோ இத்தேவையை எதிர்கொள்கின்றன.

வெளிப்பார்வைக்கு இது ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்லும் எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் கடினமான பகுதி கோப்பு சென்று சேர்ந்த பின்னரே தொடங்குகிறது. படத்தின் விளக்கத்தில் பிழை காணப்பட்டாலோ, பயன்பாட்டு உரிமம் காலாவதியானாலோ, படத்திலுள்ளவர் தமது ஒப்புதலை மீளப் பெற்றாலோ, அம்மாற்றம் அப்படம் இடம்பெற்ற எல்லாப் பக்கங்களையும் சென்றடைய வேண்டும். அவ்வாறு சென்றடைகிறதா என்பதைக் கொண்டே ஓர் ஒருங்கிணைப்பு சரியாக அமைந்துள்ளதா என மதிப்பிட இயலும்.

சொத்து என்னும் சொல்

இத்துறையில் கோப்பு வேறு, சொத்து வேறு. ஒரு படக்கோப்புடன் அதனை எடுத்தவர், எடுத்த நாள், இடம், படத்திலிருப்பது யாது, பதிப்புரிமை யாருடையது, எங்கு எதுவரை பயன்படுத்தலாம் ஆகிய தகவல்கள் சேரும்போதே அது சொத்து ஆகிறது. இத்தகவல்கள் மீதரவு, அதாவது தரவு பற்றிய தரவு, எனப்படும். மீதரவை இழந்த ஒளிப்படத்தை அழகுக்காக மட்டுமே பயன்படுத்த முடியும். அதையும் சட்டப்படி பயன்படுத்தலாமா என்று உறுதியாகக் கூற முடியாது. இணைப்பின்போது கோப்பு மட்டும் கடந்து, மீதரவு பின்தங்கிவிடுவதே மிகப் பரவலாகக் காணப்படும் குறைபாடாகும்.

பின்னணி

இரு வகை மென்பொருள்களும் வெவ்வேறு தேவைகளுக்காகத் தனித்தனியே வளர்ந்தவை. படங்களை விவரிக்கும் முறைகள் இணையத்துக்குப் பெரிதும் கடன்பட்டவை அல்ல. செய்தி முகமைகள் தமக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்வதற்காக ஐ.பி.டி.சி. என்னும் பன்னாட்டு அமைப்பு 1990களின் தொடக்கத்தில் ஒரு சீர்தரத்தை வகுத்தது. படத்தலைப்பு, எடுத்தவர் பெயர், நன்றிக் குறிப்பு போன்ற புலங்கள் படக்கோப்பின் உள்ளேயே பதியப்படும் வழக்கம் இதனால் பரவியது. 1995 இல் யப்பானிய எண்மக் கருவித் தயாரிப்பாளர்கள் எக்சிஃப் என்னும் முறையை வெளியிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டப்ளின் நகரில் நூலகத்துறையினரும் இணைய வல்லுநர்களும் கூடி, பின்னர் 15 கூறுகளைக் கொண்டதாக அமைந்த டப்ளின் கோர் மீதரவுத் தொகுதிக்கு அடித்தளமிட்டனர். அடோபி நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய எக்சு.எம்.பி. முறை 2012 இல் ஐ.எசு.ஓ. சீர்தரமாக ஏற்கப்பட்டது.

இணையத்தள மென்பொருள்கள் இவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. துருபால் 2001 இலும் வேர்டுபிரசு 2003 இலும் வெளிவந்தபோது அவற்றின் நோக்கம் எழுத்தை வெளியிடுவதாக இருந்தது. படம் எழுத்துக்குத் துணையாக வந்தது. வேர்டுபிரசு, பதிவேற்றப்படும் படத்தை ஆண்டு, மாதம் வாரியான அடைவுகளில் இட்டு, 150, 300, 1024 படவணு அளவுகளுக்கான சிறு வடிவங்களை இயல்பாகவே உருவாக்கிக்கொள்கிறது. ஒரு வலைப்பதிவுக்கு இது போதுமானது. ஆனால் ஒரே படம் மூன்று முறை பதிவேற்றப்பட்டால் அதற்கு அவை மூன்று வெவ்வேறு படங்களே. எந்தப் படத்தின் உரிமம் எப்போது முடிகிறது என்று கேட்டால் விடைகூற அதனிடம் புலம் இல்லை.

இணைக்கும் முறைகள்

நடைமுறையில் இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன. முதலாவது படியெடுத்தல். ஆசிரியர் டேமில் படத்தைத் தேடித் தேர்ந்தெடுக்க, அதன் ஒரு படி இணையத்தளத்தின் சொந்த அடைவுக்குள் சேமிக்கப்படும். அதன்பின் தளம் எவரையும் சார்ந்திராது. டேம் இயங்காவிட்டாலும் பக்கம் குறைவின்றித் தெரியும். ஆனால் படியெடுத்த கணத்திலேயே அப்படி மூலத்துடனான உறவை இழக்கிறது. மூலத்தில் திருத்தப்பட்ட தலைப்போ நீக்கப்பட்ட படமோ தளத்தில் பழையபடியே நீடிக்கும்.

இரண்டாவது சுட்டுதல். தளத்தில் கோப்பு இராது. டேமிலுள்ள சொத்தின் அடையாள எண் மட்டும் சேமிக்கப்பட்டு, படம் ஒவ்வொரு முறையும் டேமின் வழங்கியிலிருந்தே வாசகரின் உலாவிக்குச் செல்லும். மூலத்தில் செய்யும் திருத்தம் எங்கும் உடனே தோன்றும். அதே காரணத்தால் மூலத்தில் செய்யும் தவறும் எங்கும் உடனே தோன்றும். வழங்கி முடங்கினால் எல்லாத் தளங்களிலும் படங்கள் ஒருங்கே மறையும்.

பெரும்பாலான அமைப்புகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியையே பின்பற்றுகின்றன: படி ஒன்று தளத்தில் இருக்கும், அதனுடன் மூலத்தின் அடையாள எண்ணும் இருக்கும், மூலம் மாறும்போது டேம் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும். இவ்வறிவிப்பு ஒருமுறை தவறினால் என்ன செய்வது என்பதையும் திட்டமிட்டிருக்க வேண்டும். அறிவிப்பை மட்டும் நம்பாமல், நாள்தோறும் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் கண்டறியும் நிரல் ஒன்றை இயக்குவது நல்ல வழக்கமாகும்.

வெவ்வேறு நிறுவனங்களின் முறைமைகள் பொதுமொழியில் உரையாடுவதற்காக ஒயாசிசு அமைப்பு 2010 இல் சி.எம்.ஐ.எசு. என்னும் சீர்தரத்தை வெளியிட்டது. அது அலுவலக ஆவணங்களைக் கருத்தில் கொண்டு உருவானதால் படங்களின் தேவைகளுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. மற்றொரு புறம், இரு வேலைகளையும் ஒரே நிறுவனம் வழங்கும் போக்கும் தோன்றியது. அடோபி நிறுவனம் 2010 இல் டே மென்பொருள் நிறுவனத்தை வாங்கி, அதன் அடிப்படையில் இரண்டும் சேர்ந்த ஒரு வணிகப் பொருளை அமைத்தது. ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் இணைப்புச் சிக்கல் குறையும் என்பது உண்மையே. விட்டு விலகுவது அதே அளவுக்குக் கடினமாகும் என்பதும் உண்மை.

எடுத்துக்காட்டு: விக்கிமீடியா பொதுவகமும் மீடியாவிக்கியும்

சுட்டும் முறையிலான ஒருங்கிணைப்பு மிகப் பெரிய அளவில், எல்லோரும் பார்க்கக்கூடியவாறு இயங்கும் இடம் விக்கிமீடியா பொதுவகம் ஆகும். வணிக நிறுவனங்களின் இணைப்புகள் மூடிய கதவுக்குள் நிகழ்வதால் அவற்றின் குறைகள் வெளியே தெரிவதில்லை. பொதுவகத்தின் நிரலும் விவாதங்களும் திறந்திருப்பதால் இப்பொருளை ஆராய அது ஏற்றதாக உள்ளது.

தொடக்கத்தில் ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனக்குரிய படங்களைத் தானே சேமித்தது. ஒரே படம் பல மொழிகளில் பலமுறை பதிவேற்றப்பட்டது. ஒரு மொழியில் உரிமம் தவறெனக் கண்டு நீக்கப்பட்ட படம் பிற மொழிகளில் தங்கியது. இதற்குத் தீர்வாக எரிக் மோலர் 2004 மார்ச்சில் பொதுக் களஞ்சியம் ஒன்றை முன்மொழிந்தார். 2004 செப்டம்பர் 7 அன்று பொதுவகம் தொடங்கப்பட்டது. இன்று அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன.

பக்கம் ஒன்றில் படத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால், மீடியாவிக்கி மென்பொருள் முதலில் அந்தத் தளத்தின் சொந்தத் தரவுத்தளத்தில் அப்பெயரைத் தேடும். அங்கு இல்லையெனில் மட்டுமே பொதுவகத்தைக் கேட்கும். பெயர்வெளிகள் மொழிக்கு மொழி மாறுபடுவதால், தமிழில் ‘படிமம்’ என எழுதப்படும் முன்னொட்டு பொதுவானதொரு வடிவத்துக்கு மாற்றப்பட்ட பின்னரே இத்தேடல் நடைபெறும். இவ்வரிசையில் ஒரு நுண்ணிய இடர் மறைந்துள்ளது. உள்ளூரில் ஒருவர் அதே பெயரில் வேறொரு படத்தைப் பதிவேற்றினால், அது பொதுவகப் படத்தை மறைத்துவிடும். பக்கத்தை எவரும் தொகுக்காமலேயே அதிலுள்ள படம் மாறிவிடும். அதனாலேயே பதிவேற்றும்போது இத்தகைய பெயர்களுக்கு எச்சரிக்கை காட்டப்படுகிறது. பெயரை அடையாளமாகக் கொள்ளும் எந்த முறைமைக்கும் இச்சிக்கல் உண்டு. மாறாத எண்ணை அடையாளமாகக் கொள்வதே வணிக டேம்களின் வழக்கம்.

கோப்புகள் சேமிக்கப்படும் அடைவு, பெயரிலிருந்து கணிக்கப்படுகிறது. எம்.டி.5 என்னும் சார்பைப் பெயரின்மீது செலுத்திக் கிடைக்கும் விடையின் முதல் குறியும், முதல் இரு குறிகளும் அடைவுகளின் பெயர்களாகின்றன. இதனால் கோப்புகள் 256 அடைவுகளில் ஏறத்தாழச் சமமாகப் பரவுகின்றன. கோப்பு எங்குள்ளது என அறியத் தரவுத்தளத்தை நாட வேண்டியதில்லை என்பது இதன் பயன். கோப்பின் உள்ளடக்கத்துக்கு எசு.எச்.ஏ.1 என்னும் வேறொரு சார்பின் விடை தனியே சேமிக்கப்படுகிறது. ஒரே கோப்பு வேறு பெயரில் மீண்டும் வந்தால் அதைக் கொண்டு கண்டறியலாம். ஓர் அணு மாறினாலும் விடை மாறிவிடும் என்பதால், அளவு குறைக்கப்பட்ட அல்லது வெட்டப்பட்ட படிகளை இது பிடிக்காது.

வாசகர் காண்பது மூலப்படம் அன்று. கேட்கப்பட்ட அகலத்துக்கு ஏற்ற சிறுபடம் ஆக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. இவ்வேலைக்கு 2017 முதல் தம்போர் என்னும் கட்டற்ற மென்பொருள் விக்கிமீடியாவில் பயன்படுகிறது. படத்தின் விளக்கப் பக்கமும் பொதுவகத்திலிருந்து பெறப்பட்டு உள்ளூர்ப் பக்கம் போலவே காட்டப்படுகிறது. ஆகவே படமும் மீதரவும் பிரியாமல் ஒன்றாகவே பயணிக்கின்றன. இவ்வமைப்பின் சிறந்த கூறு இதுவே எனலாம்.

விக்கிமீடியாவுக்கு வெளியே மீடியாவிக்கியை நிறுவியிருப்போரும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிப் பொதுவகத்தைத் தமது களஞ்சியமாக்கலாம். இவ்வசதி இன்சுடன்ட் காமன்சு எனப்படும். அப்போது தரவுத்தளத்துக்கு நேரடி அணுக்கம் இராது. நிரல்களுக்கான இடைமுகம் வழியாகவே வினவல் செல்லும். விடைகளைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்காவிட்டால் படங்கள் மிகுந்த பக்கங்கள் மெதுவாகத் திறக்கும்.

மாற்றமும் நீக்கமும்

ஒரு கோப்பை நீக்கும் முன், அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்று அறிந்திருக்க வேண்டும். இணைப்பு ஒருவழியாக மட்டும் இருந்தால் இது இயலாது. தளத்துக்கு டேம் தெரியும். டேமுக்குத் தளம் தெரியாது. மீடியாவிக்கியில் இக்குறையைப் போக்க உலகளாவிய பயன்பாடு என்னும் நீட்சி உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு விக்கியிலும் பக்கம் சேமிக்கப்படும்போது, அதிலுள்ள பொதுவகப் படங்களின் பட்டியல் மைய அட்டவணை ஒன்றில் பதியப்படுகிறது. பொதுவகத்தில் படத்தின் பக்கத்தைத் திறப்பவர், அது எந்தெந்த மொழியில் எந்தெந்தக் கட்டுரையில் உள்ளது என்று காணலாம். இன்சுடன்ட் காமன்சு வழியாகப் பெறும் வெளித்தளங்கள் இவ்வட்டவணையில் வரா. அவற்றில் படம் ஒருநாள் சொல்லாமல் மறைந்துவிடும்.

நீக்கப்பட்ட படத்தின் பெயர் கட்டுரைகளில் சிவப்பு இணைப்பாக எஞ்சும். அதை அகற்றுவதற்கெனக் காமன்சு டிலிங்கர் என்னும் தானியங்கி எல்லா மொழி விக்கிகளிலும் தொகுக்கிறது. தமது கட்டுரையிலிருந்து ஒரு படம் நள்ளிரவில் தானியங்கியால் அகற்றப்பட்டதைக் காலையில் காணும் சிறு விக்கியின் பயனர், அதற்கான விவாதம் வேறொரு தளத்தில், வேறொரு மொழியில் முடிந்துவிட்டதை அறிந்து வருந்துவது புதிதன்று. நுட்பம் சரியாகவே இயங்கியது. முடிவெடுக்கும் இடமும் பாதிக்கப்படும் இடமும் வேறுவேறாக இருந்தன என்பதே குறை. மையக் களஞ்சியத்தைக் கொண்ட எந்த நிறுவனத்திலும், தலைமையகத்துக்கும் கிளைக்கும் இடையே இதே உரசல் எழும்.

இதில் சட்டமும் குறுக்கிடுகிறது. 2012 வரை இந்தியச் சட்டப்படி ஒளிப்படத்தின் பதிப்புரிமை, வெளியிடப்பட்ட ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடித்தது. 1950 இல் வெளியான ஒளிப்படம் இந்தியாவில் 2010 முடிவுக்குள் பொதுவுரிமையானது. ஆனால் 1996 சனவரி 1 அன்று தாய்நாட்டில் உரிமை நடப்பிலிருந்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கச் சட்டம் தன் நாட்டில் உரிமையை மீட்டளித்தது. 2012 சனவரியில் கோலன் எதிர் ஓல்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. ஆகவே அதே படம் அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள், அதாவது 2045 முடிவு வரை, காக்கப்படக்கூடும். பொதுவகம் தாய்நாட்டிலும் அமெரிக்காவிலும் கட்டற்றதாக உள்ள கோப்புகளையே கோருகிறது. சென்னையில் இயங்கும் தளம் ஒன்று தடையின்றி வெளியிடக்கூடிய படம் மையக் களஞ்சியத்தில் இடம்பெற முடியாமற் போவது இவ்வாறே. ‘உரிமம்: உண்டு / இல்லை’ என ஒரேயொரு புலத்தை மட்டும் வைத்து வடிவமைக்கப்பட்ட டேம் இந்நிலையைக் குறிக்க வழியற்றது. நாடு, காலம், பயன்பாட்டு வகை ஆகிய மூன்றும் தனித்தனிப் புலங்களாக இருத்தல் வேண்டும்.

நீக்கத்தைவிட மேலெழுதுதல் கவனிக்கப்படாமல் நிகழ்வது. ஒரு கோப்பின்மீது புதிய பதிப்பு ஏற்றப்பட்டால் பெயர் மாறாது. ஆனால் அதனைச் சுட்டும் எல்லாப் பக்கங்களிலும் படம் மாறிவிடும். பிணக்குக்குரிய எல்லைகளைக் கொண்ட நிலப்படங்களில் இது பெரும் சச்சரவாகும். காசுமீர எல்லையைத் தம் கருத்துப்படி ஒருவர் திருத்தினால், அவர் ஒரு கோப்பை மட்டும் மாற்றுகிறார்; மாற்றம் பல மொழிக் கட்டுரைகளில் அவற்றின் ஆசிரியர்கள் அறியாமலேயே தோன்றுகிறது. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்திலும் தடயம் இராது. ஆகவேதான் சிறு திருத்தங்களைத் தவிர, கருத்து வேறுபாட்டுக்கு உரியவற்றைத் தனிக் கோப்பாகப் பதிவேற்ற வேண்டும் என்பது பொதுவகத்தின் வழிகாட்டலாக உள்ளது. டேமைச் சுட்டும் தளங்கள், ‘எப்போதும் அண்மைப் பதிப்பு’ என்றும் ‘இக்குறிப்பிட்ட பதிப்பு மட்டும்’ என்றும் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பெற்றிருத்தல் நன்று. நிறுவனத்தின் இலச்சினைக்கு முன்னது பொருந்தும். சான்றாகக் காட்டப்படும் படத்துக்குப் பின்னதே பொருந்தும்.

மீதரவின் பயணம்

கோப்பின் உள்ளே பதியப்பட்ட மீதரவு, தளத்தில் சிறுபடம் உருவாகும்போது பெரும்பாலும் களையப்படுகிறது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நிரலாளர் இடும் ஒரு கட்டளை, ஒளிப்படக்காரரின் பெயரையும் சேர்த்து அழித்துவிடுகிறது. சமூக வலைத்தளங்கள் பலவற்றிலும் இதே நிலை காணப்படுகிறது. கூகுள் தன் படத்தேடலில் உரிமம் பெறத்தக்க படங்களுக்கு அடையாளம் காட்டும் வசதியை 2020 இல் தொடங்கியது. அதற்கு அது படத்தினுள் உள்ள ஐ.பி.டி.சி. புலங்களையோ பக்கத்திலுள்ள கட்டமைந்த தரவையோ வாசிக்கிறது. எனவே மீதரவைக் களைவது இப்போது பொருளியல் இழப்பாகவும் ஆகிறது. மற்றொரு புறம், வீட்டின் அமைவிட ஆயத்தொலைவு போன்ற தனிப்பட்ட தகவல்கள் வெளியே போகாமல் களையப்படுவது இன்றியமையாதது. எல்லாவற்றையும் விடுவதும் எல்லாவற்றையும் களைவதும் ஒருசேரத் தவறு. புலம் புலமாகத் தீர்மானிக்க வேண்டும்.

பொதுவகத்தில் நெடுங்காலம் மீதரவு விக்கி உரையாகவே எழுதப்பட்டது. மனிதர் படிக்கலாம், பொறி பகுத்தறிவது கடினம். 2019 சனவரி முதல் ஒவ்வொரு கோப்புக்கும் பல மொழிகளில் தலைப்பிடும் வசதியும், அவ்வாண்டிலேயே ‘இப்படம் சித்திரிப்பது யாது’ என்பதை விக்கித்தரவு உருப்படியுடன் இணைக்கும் வசதியும் வந்தன. இதன்படி, ஆங்கிலத்தில் மட்டுமே விளக்கம் எழுதப்பட்ட படமும் யானை எனத் தமிழில் தேடுபவருக்குக் கிட்டும். ஏனெனில் படம் சொல்லுடன் அன்றி, எல்லா மொழிச் சொற்களையும் தாங்கிய உருப்படியுடன் இணைந்துள்ளது. பழைய கோப்புகளில் பெரும்பகுதிக்கு இவ்வேலை இன்னும் கைகளால் செய்யப்பட்டு வருகிறது.

தமிழ் எழுத்துகள் தொடர்பான சிக்கல்கள்

கோப்புப் பெயர்களைத் தமிழில் இடும்போது இணைப்புகளில் எதிர்பாராத தடைகள் எழுகின்றன. ஒருங்குறியின் யு.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். ‘அம்மா’ என்னும் சொல் ஐந்து குறிகளால் ஆனது. எனவே 15 பைட்டுகள். அதே சொல் இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியீடாக மாறும்போது 45 எழுத்துகளாக நீள்கிறது. மீடியாவிக்கி கோப்புப் பெயருக்கு 240 பைட்டு வரம்பு விதிக்கிறது. ஆங்கிலத்தில் 240 எழுத்துகள் எழுதலாம். தமிழில் 80 குறிகளே. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுவதால் உண்மையில் அதனினும் குறைவு.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறிச் சீர்தரம் இவற்றைச் சமமெனக் கூறினாலும், பைட்டு பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு இவை வெவ்வேறு பெயர்கள். ஆப்பிளின் பழைய எச்.எப்.எசு.+ கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. பெரும்பாலான இணைய மென்பொருள்கள் சேர்த்த வடிவை எதிர்பார்க்கின்றன. ஆகவே மேக் கணினியிலிருந்து டேமுக்குச் சென்ற ‘கொற்கை’ படத்தைத் தளத்தில் சரியாகத் தட்டச்சு செய்து தேடினாலும் கிடைக்காமற் போகலாம். மீடியாவிக்கி எல்லா உள்ளீட்டையும் சேர்த்த வடிவுக்கு மாற்றிவிடுவதால் அதில் இது நேர்வதில்லை. இரு முறைமைகளை இணைப்போர் எல்லையிலேயே இம்மாற்றத்தைச் செய்துவிட வேண்டும். ‘கோ’, ‘கௌ’ வரிசைகளுக்கும் ‘ஔ’ எழுத்துக்கும் இது பொருந்தும்.

ஒருங்குறிக்கு முந்திய காலத்தில் தகுதரம், தாப் முதலிய குறியேற்றங்களில் எழுதிச் சேர்க்கப்பட்ட படத்தலைப்புகள் இன்று பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தோன்றுகின்றன. எந்தக் குறியேற்றம் என்ற குறிப்பு கோப்பில் பெரும்பாலும் இராது. மாற்றும் கருவிகள் உள்ளன. ஆனால் மூல மீதரவை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மாற்றியதைத் தனிப் புலத்தில் இடுவதே பாதுகாப்பானது.

எசு.வி.ஜி. வடிவ வரைபடங்களில் நன்மையான செய்தியும் உண்டு. ஒரே கோப்பினுள் பல மொழிப் பெயரொட்டுகளை வைத்து, பக்கத்தின் மொழிக்கேற்ப வழங்கியிலேயே படமாக்கும் வசதி மீடியாவிக்கியில் உள்ளது. இதயத்தின் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றில் தமிழ்ப் பெயர்களைச் சேர்ப்பவர் புதிய கோப்பு ஆக்க வேண்டியதில்லை. வழங்கியில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருத்தல் மட்டும் தேவை. இல்லாவிடில் சொற்களின் இடத்தில் கட்டங்களே தெரியும்.

நூலகங்களின் பொதுமுறை

படியெடுக்காமலேயே படங்களைப் பகிர, நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் 2011 அளவில் வகுக்கத் தொடங்கிய பன்னாட்டுப் படிம இயைபுச் சட்டகம், ஐ.ஐ.ஐ.எப்., இன்று பரவலாக உள்ளது. இசுடான்போர்டு பல்கலைக்கழகம், ஆக்சுபோர்டின் பொட்லியன் நூலகம், பிரித்தானிய நூலகம் ஆகியன முன்னோடிகளுள் சில. இதன் படிம இடைமுகத்தில் இணைய முகவரியே ஒரு கட்டளையாகும். எந்தப் படம், அதன் எந்தப் பகுதி, எவ்வளவு பெரிதாக, எத்தனை பாகை திருப்பி, எந்தத் தரத்தில், எந்தக் கோப்பு வடிவில் என்பன முகவரியிலேயே வரிசையாக எழுதப்படும். தளத்தின் மென்பொருள் எதுவாயினும் முகவரியை எழுதத் தெரிந்தால் போதும். ஒரு நூலின் ஏடுகள் எவ்வரிசையில் வரும், நன்றிக் குறிப்பு யாது என்பனவற்றைத் தனிக் கோப்பு ஒன்று தாங்கி வரும்.

பிரான்சின் சாத்தோரூ நகர நூலகத்தில் ‘பிரான்சின் பெரும் வரலாறுகள்’ என்னும் இடைக்காலக் கையெழுத்துப்படி ஒன்று உள்ளது. அதன் ஓவியங்கள் முற்காலத்தில் வெட்டியெடுக்கப்பட்டு, பாரிசிலுள்ள பிரான்சியத் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. பிப்லிசிமா திட்டத்தினர் இரு நூலகங்களின் வழங்கிகளிலிருந்தும் படங்களைச் சுட்டி, ஓவியங்களை அவற்றுக்குரிய துளைகளில் திரையிலே பொருத்திக் காட்டினர். எந்த நூலகமும் எந்தக் கோப்பையும் மற்றதற்குக் கையளிக்கவில்லை.

வழங்கி முடங்கும்போது

2023 அக்டோபர் 28 அன்று பிரித்தானிய நூலகம் பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. நூற்பட்டியல் உட்பட அதன் இணையச் சேவைகள் முடங்கின. எண்மமாக்கப்பட்ட கையெழுத்துப்படிகள் பல மாதங்கள் கிட்டவில்லை. ஐ.ஐ.ஐ.எப். மூலம் அந்நூலகத்தின் படிமங்களைச் சுட்டிய பிற தளங்களிலும் அவ்விடங்கள் வெறுமையாயின. அத்தளங்களில் எப்பிழையும் இல்லை. நூலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், பழைய முறைமைகள் பலவும் ஒன்றோடொன்று சிக்கலாகப் பிணைந்திருந்தமை மீட்பைத் தாமதப்படுத்தியதாகக் குறிப்பிட்டது.

அந்நூலகம் நடத்தும் அழிவாய்ப்புள்ள ஆவணக்காப்பகத் திட்டத்தின் தளமும் இதில் பாதிக்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் எண்மமாக்கிய, தமிழ்நாட்டுக் கிராமங்களின் பஞ்சாயத்து வழக்கு ஆவணங்கள் அத்திட்டத்தில் அடங்கும். எனினும் அத்திட்டத்தின் விதிப்படி மூல ஆவணங்கள் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை. எண்மப் படிகளின் ஒரு தொகுதி உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் வைக்கப்படுகிறது. இலண்டன் வழங்கியைச் சுட்டுவது அன்றாடப் பயன்பாட்டுக்கு, புதுச்சேரியிலுள்ள படி அது இயங்காத நாளுக்கு என இரு முறைகளும் அங்கு ஒருங்கே கையாளப்பட்டுள்ளன.